தான்சானியா சஃபாரி: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

வடக்குத் தான்சானியாவின் அரூஷாவில் குடியிருப்பதால் ஊரிலிருந்து யார் சஃபாரி கிளம்பினாலும் என் தலையில்தான் கேள்விகள் விழும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்டுவிடுங்கள் என்று சொன்னேன். வந்த வரிசையிலேயே பதில் போடுகிறேன்.

சென்னையிலிருந்து: அண்ணா, பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே மாதத்தில்தான் லீவு. அப்போது வரலாமா? ஏஜென்ட் ஆஃப் சீசன், பாதி விலை என்கிறார்.

விலை குறைவது உண்மைதான், ஏன் குறைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மார்ச் நடுவிலிருந்து மே வரை இங்கே பெருமழைக்காலம். சில கேம்ப்களை மூடியே விடுவார்கள், கரிசல் மண் பாதையில் நாலு சக்கரமும் சுற்றும் ஆனால் வண்டி நகராது, புல் உயர்ந்து நிற்பதால் பத்தடி தள்ளிப் படுத்திருக்கும் சிங்கம்கூடக் கண்ணில் படாமல் போகும். தரங்கிரே யானைகளில் பல அந்த மாதங்களில் பூங்காவுக்கு வெளியே சிதறிக் கிடக்கும். அதற்காக வரவே கூடாது என்று சொல்ல மாட்டேன். செரெங்கெட்டியின் நடுப்பகுதியான செரொனேராவிலும், பழைய எரிமலை இடிந்து உருவான ங்கோரோங்கோரோ பள்ளத்திலும் வருடம் முழுக்க விலங்கு உண்டு, மழையும் நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்காது, கூட்டம் சுத்தமாக இருக்காது.

ஆனால் நானாக இருந்தால் காலாண்டுத் தேர்வு விடுமுறைக்குக் காத்திருப்பேன். செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் வாரமும் இங்கே வறண்ட பருவம். தண்ணீர் இருக்கும் நாலு இடத்தைச் சுற்றியே எல்லா விலங்கும் நிற்கும், நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை. மே மாதத்தை விட்டால் வழியில்லை என்றால் கடைசி வாரத்துக்குத் தள்ளுங்கள்.

கோவையிலிருந்து: டிவியில் காட்டுவார்களே, வில்டபீஸ்ட் என்ற மாட்டுச்சாயல் மான் கூட்டம் ஆற்றில் குதிப்பது, முதலை இழுப்பது. ஆகஸ்டில் இரண்டு நாள் வந்தால் பார்த்துவிடலாமா சார்?

பார்த்துவிடலாம் என்று உறுதி கொடுக்கும் ஏஜென்டிடம் பணம் கட்டாதீர்கள். வழக்கமாகச் சொல்லும் கணக்குப்படி 13 லட்சம் வில்டபீஸ்ட், கூடவே 2 லட்சம் வரிக்குதிரை, மழையையும் புதுப்புல்லையும் தேடி வருடம் முழுக்க வட்டமடிக்கின்றன. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை பெரும்பகுதி வடக்கே மாரா ஆற்றுப் பக்கம் இருக்கும், அவ்வளவுதான் நம்மால் சொல்ல முடியும். எந்த நாள், எந்த ஆற்றுத்துறை, எத்தனை மணி என்பதை அந்த மந்தையே அறியாது.

நடப்பது இதுதான். காலையில் கோகடெண்டே பக்கம் கரையில் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். முன்னால் நிற்பது தண்ணீர் வரை இறங்கும், மோந்து பார்க்கும், எதற்கோ மிரண்டு திரும்பும், பின்னால் இருந்தவை எல்லாம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடிப்போகும். அரை மணி கழித்து மறுபடியும் அதே கதை. மூன்று மணி நேரம் வெயிலில் வண்டியில் உட்கார்ந்துவிட்டு ஒன்றும் நடக்காமல் திரும்புவது இங்கே சாதாரணம். திடீரென்று ஒன்று குதித்துவிட்டால் அதோடு சரி, மொத்தக் கூட்டமும் கேள்வி கேட்காமல் குதிக்கும். சில நாள் இன்று அக்கரை போன கூட்டமே நாளை இக்கரை வரும். ஆகவே வடக்கில் குறைந்தது மூன்று இரவு. இரண்டு நாள்தான் என்றால் ஆற்றை மறந்துவிட்டு வேறு மாதம் பாருங்கள்.

அந்த வேறு மாதம் பிப்ரவரி. தெற்கே ந்டுட்டு சமவெளியில் கன்று ஈனும் காலம். ஓல் டொய்ன்யோ லெங்காய் போன்ற எரிமலைகளின் சாம்பல் படிந்த மண் அது. அடியில் கெட்டித்தட்டு இருப்பதால் மரம் வேர்விட முடியாது, மேலே குட்டைப் புல் மட்டும். அந்தப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம், பால் கொடுக்கும் தாய்க்கு அதுதான் தேவை. இரண்டு மூன்று வாரத்துக்குள் லட்சக்கணக்கில் கன்றுகள் விழும். விழுந்த கன்று சில நிமிடத்தில் நாலு காலையும் பரப்பி எழுந்து, முட்டி மடங்கி விழுந்து, மறுபடி எழுந்து தாயோடு ஓடத் தொடங்கும். ஓடித்தான் ஆகவேண்டும், கழுதைப்புலியும் சிவிங்கிப்புலியும் அங்கேயேதான் காத்திருக்கின்றன. என்னைக் கேட்டால் ஆறு கடப்பதைவிட இதுதான் பார்க்க வேண்டியது. காத்துக்கிடக்கவும் வேண்டாம், வண்டிக்கூட்டத்தின் இரைச்சலும் குறைவு.

திருச்சியிலிருந்து: கென்யாவின் மசாய் மாராவா, செரெங்கெட்டியா? ஒன்றுதான் முடியும்.

இரண்டும் ஒரே காடுதான், நடுவில் நாட்டு எல்லை ஓடுகிறது. மாரா காப்பகம் 1,500 சதுர கிலோமீட்டர் சொச்சம், செரெங்கெட்டி 14,763. நாள் குறைவு, ஆகஸ்ட், செப்டம்பரில்தான் வருகிறீர்கள் என்றால் மாரா போதும். மற்ற மாதங்களில் கண்ணை மூடிக்கொண்டு செரெங்கெட்டி.

மதுரையிலிருந்து: அண்ணா, எங்களுக்குக் கொடுத்த திட்டம் இது. 5 நாள்: தரங்கிரே, மன்யாரா, செரெங்கெட்டி, ங்கோரோங்கோரோ, கடைசி நாள் அரூஷா பூங்கா. ஐந்தும் பார்த்துவிடலாம் என்கிறார்கள். நான்கு பேர் வருகிறோம்.

ஐந்து பூங்காவின் கேட்டையும் பார்த்துவிடலாம்! அரூஷாவிலிருந்து ங்கோரோங்கோரோவின் லோடோவாரே கேட் வரைதான் தார்ச்சாலை, அதுவே மூன்று மணி நேரம். அதற்கப்புறம் மண் ரோடு, குலுங்கிக் குலுங்கி நாபி ஹில் கேட், அங்கிருந்து செரொனேரா. மொத்தம் ஏழெட்டு மணி நேரம் ஆகிவிடும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்றால் செரெங்கெட்டியில் உங்களுக்கு என்ன மிச்சம்?

பணக்கணக்கையும் பாருங்கள். செரெங்கெட்டிக்கு சீசனில் ஒரு பெரியவருக்கு 24 மணி நேரத்துக்கு 70 டாலர், மேலே 18 சதவீத வரி. ங்கோரோங்கோரோவுக்கு 60 டாலரும் அதே வரியும். செரெங்கெட்டிக்கு ரோடு அதன் வழியாகத்தான் போகிறது, கடந்து போவதற்கே அந்தப் பணம் கட்டவேண்டும், திரும்பும்போது மறுபடியும். பள்ளத்துக்குள் வண்டி இறங்கத் தனியாக வண்டிக்கு 250 டாலர், வரியோடு 295. வண்டிக்குத்தான் அது, ஆளுக்கு இல்லை, அதனால் நாலு பேர் சேர்ந்து வருவது நல்ல காரியம். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், முன்பதிவுக்கு முன் எழுத்தில் வாங்குங்கள். பூங்கா கட்டணம் இதில் அடங்குமா என்ற ஒரு கேள்வியை மட்டும் கட்டாயம் கேளுங்கள், விலை மலிவாகத் தெரியும் பல திட்டங்களின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

என் யோசனை: மன்யாராவையும் அரூஷா பூங்காவையும் வெட்டுங்கள். தரங்கிரே ஒரு நாள், செரெங்கெட்டியில் இரண்டு இரவு, திரும்பும் வழியில் பள்ளம். இன்னொரு நாள் கூட்ட முடிந்தால் அதையும் செரெங்கெட்டிக்கே கொடுங்கள். சிறுத்தை செரொனேரா ஆற்றோர மரக்கிளையில் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு பகலெல்லாம் தூங்கும். அது எழுந்து இறங்குவது சாயங்காலம், அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும், அடுத்த பூங்காவுக்குப் போகும் ரோட்டில் இருக்கக் கூடாது.

சேலத்திலிருந்து: அப்பா அம்மா இருவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது, அம்மாவுக்கு இடுப்பு வலி. சைவம் வேறு. சமாளிக்க முடியுமா?

முடியும், கொஞ்சம் செலவு செய்தால். அரூஷாவிலிருந்து சின்ன விமானத்தில் செரொனேரா போய் இறங்கிவிடலாம், திரும்பி ரோட்டில் வரும்போது வழியில் பள்ளத்தைப் பார்க்கலாம். ஒரு வழி மிச்சமானாலே இடுப்புக்குப் பெரிய நிம்மதி. விமானத்தில் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மெத்தென்ற பை, சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஏற்ற மாட்டார்கள். வண்டியில் அம்மாவை பின் சீட்டில் உட்கார வைக்காதீர்கள், குலுக்கல் முழுக்க அங்கேதான். பள்ளத்தின் விளிம்பு 2,300 மீட்டர் உயரம், ஜூன் ஜூலையில் இரவு ஊட்டி குளிர் அடிக்கும், ஸ்வெட்டர் இல்லாமல் வந்து நடுங்குபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

சைவம் பிரச்சினையே இல்லை. அரூஷாவிலும் டார் எஸ் சலாமிலும் குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறையாக இருக்கிறார்கள், சைவ ஓட்டலும் உண்டு. சப்பாத்தி என்றால் எல்லா ஊரிலும் தெரியும், கூட பீன்ஸ் குழம்பு மாதிரி ஒன்று, மஹராகே என்பார்கள், சோற்றுக்கு நன்றாகவே இருக்கும். லாட்ஜுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முட்டையும் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். மதியம் டப்பா சாப்பாடுதான். பள்ளத்துக்குள் ங்கோய்டோகிடோக் ஏரிக்கரையில் சாப்பிட இறங்கினால் பருந்து வரும், ஜாக்கிரதை. தலைக்கு மேல் சுற்றுவது தெரியும், கைக்கு வந்தது தெரியாது. சாண்ட்விச்சும் போகும், விரலில் நகக்கீறலும் விழும். வண்டிக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து நீர்யானையைப் பாருங்கள்.

பெங்களூரிலிருந்து: மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

எந்த வழியாக வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, அதனால்தான் ஆளுக்கு ஒன்று. இந்தியாவிலிருந்து தோஹா, துபாய் வழியாக நேரே வருபவரிடம் தான்சானியா கேட்பதில்லை. கென்யாவில் இறங்கித் தங்கிவிட்டு வந்தாலோ, அங்கே விமானம் மாற 12 மணி நேரத்துக்கு மேல் ஆனாலோ இங்கே சான்றிதழ் கேட்பார்கள். இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலிலும் கென்யா இருக்கிறது, அங்கே தங்கிவிட்டு ஊசி கார்டு இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்தில் தனிமைப்படுத்தலாம். கிளம்புவதற்குப் பத்து நாளுக்கு முன் போட்டிருக்க வேண்டும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சென்னைப் பக்கம் உள்ளவர்களுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். மலேரியா வேறு விஷயம், அது இங்கே நிஜமான ஆபத்து. மாத்திரையை டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஊர் திரும்பியபின் காய்ச்சல் வந்தால் தான்சானியா போய் வந்தேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

டார் எஸ் சலாமிலிருந்து: நான் இங்கே ஒரு வருட ப்ராஜெக்டில் இருக்கிறேன். வாரக்கடைசியில் அரூஷா வரை வர முடியாது. பக்கத்தில் ஏதாவது?

கொடுத்துவைத்தவர், எல்லோரும் வடக்கே ஓடும்போது உங்களுக்குத் தெற்கு கிடைத்திருக்கிறது. 2024-ல் புது மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து மோரோகோரோ வரை இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், அங்கே வண்டி ஏற்பாடு செய்தால் மிகுமி பூங்கா. நெடுஞ்சாலையே பூங்காவுக்கு நடுவில் போகிறது, லாரி ஜன்னலிலிருந்தே யானை தெரியும்.

நாலு நாள் கிடைத்தால் நியெரெரே. பழைய செலூஸ் காப்பகத்தின் வடக்குப் பகுதியைப் பிரித்து 2019-ல் தேசியப் பூங்காவாக்கினார்கள், 30,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். ருஃபிஜி ஆற்றில் படகில் போய்ப் பார்க்கலாம், நீர்யானையும் முதலையும் படகுக்கு இருபுறமும் கிடக்கும். ஆப்பிரிக்கக் காட்டுநாய் பார்க்க நல்ல இடம் இதுவும் ருவாஹா பூங்காவும்தான். ருவாஹாவைப் பற்றித் தனியாக எழுதினால்தான் திருப்தி. இப்போதைக்கு, சிங்கத்தை ஒரே ஒரு வண்டியோடு, அதாவது உங்கள் வண்டியோடு மட்டும் பார்க்கும் வாய்ப்பு அங்கே அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: சிம்பன்சி?

மேற்கே டாங்கன்யிகா ஏரிக்கரையில், கோம்பேயும் மஹாலேயும். ஜேன் குடால் 1960-ல் ஆராய்ச்சி தொடங்கிய இடம் கோம்பே. தூரம் அதிகம், நடக்க வேண்டும், மலை ஏற வேண்டும், சளி இருமல் இருந்தால் விட மாட்டார்கள், நம் கிருமி அவற்றுக்கும் ஒட்டும். வேறு ஒன்றும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு மஹாலே.

ஈரோட்டிலிருந்து: காண்டாமிருகம் பார்க்க முடியுமா? பைனாகுலர் வாங்க வேண்டுமா?

பள்ளத்தில் உண்டு, கறுப்புக் காண்டாமிருகம். ஆனால் ரோட்டோரம் வந்து நிற்காது. புல்வெளியின் கடைசியில் ஒரு கறுப்புக் கல் தெரியும், பத்து நிமிடம் பார்த்தபின் கல் தலையைத் தூக்கும். அதற்குத்தான் பைனாகுலர், 8x42 போதும், ஆளுக்கு ஒன்று. ஒன்றை நாலு பேர் கைமாற்றினால் உங்கள் முறை வரும்போது விலங்கு போயிருக்கும். பள்ளத்தில் ஒட்டகச்சிவிங்கியைத் தேடாதீர்கள், உள்ளே கிடையாது.

புதுச்சேரியிலிருந்து: மசாய் கிராமத்துக்குக் கூட்டிப்போகிறார்களாம். போகலாமா, அல்லது வெறும் நாடகமா?

ரோட்டோரக் கிராமங்களில் குதித்து ஆடிக் காட்டுவார்கள், வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள், கடைசியில் மணிமாலை விற்பார்கள். அது அவர்களுக்கு வருமானம், அதில் எனக்குக் குறையில்லை. போகுமுன் பணம் எவ்வளவு, யார் கைக்குப் போகிறது என்று டிரைவரிடம் கேட்டுவிடுங்கள். ஆனால் அவர்களோடு பேச வாய்ப்புக் கிடைத்தால் ஆட்டத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். மாடு மேய்க்கும் மசாய் மக்கள் செரெங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, 1959-ல் ங்கோரோங்கோரோவைத் தனியாகப் பிரித்து அங்கே மாடு மேய்த்து வாழலாம் என்று ஒதுக்கினார்கள். இப்போது அங்கிருந்தும் வெகு தூரத்தில் ஹண்டேனி பக்கம் ம்சோமேராவுக்குப் போகச் சொல்கிறது அரசு. 2022-ல் செரெங்கெட்டிக்குக் கிழக்கே லோலியோண்டோவில், மசாய் மேய்ச்சல் நிலத்தைக் காப்பகத்துக்குப் பிரித்து எல்லைக்கல் நட்டபோது பெரிய மோதலே நடந்தது. நாம் கட்டும் டாலருக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

திருநெல்வேலியிலிருந்து: ட்ரோன் கொண்டுவரலாமா? உடை எப்படி?

ட்ரோன் வேண்டாம், அனுமதி இல்லாமல் பூங்காவில் பறக்கவிட்டால் பிடுங்கிக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. பிளாஸ்டிக் கேரி பையும் 2019-லிருந்து தடை, விமான நிலையத்திலேயே வாங்கிவைத்துவிடுவார்கள், துணிப்பையில் கட்டிக்கொண்டு வாருங்கள்.

உடையில் கறுப்பும் கருநீலமும் கூடாது. தரங்கிரே, நியெரெரே பக்கம் ரத்தம் உறிஞ்சும் செட்சி ஈ உண்டு, அதற்கு அந்த நிறங்கள் என்றால் உயிர். மரக்கிளைகளில் நீலமும் கறுப்புமாகத் துணி தொங்குவதைப் பார்ப்பீர்கள், மருந்து தடவிய ஈப்பொறி அது. ஜீன்ஸ் துணியையும் குத்தித் துளைக்கும், சாதாரண கொசுமருந்துக்கெல்லாம் அசையாது. காக்கி, மண் நிறம், சாம்பல் எது வேண்டுமானாலும் போடுங்கள், முழுக்கையாக இருக்கட்டும். வண்டிக்குள் ஈ வந்துவிட்டால் டிரைவர் ஒரு துண்டை எடுத்து அடிப்பார், சும்மா தட்டினால் சாகாது, நசுக்க வேண்டும்.