ஏழைப் பகுதிகளில் நடக்கும் சமூக மையங்களில் பயிற்சி எடுத்தால் உண்மையிலேயே வேலை கிடைக்கிறதா? சனிக்கிழமைகளில் அங்கே போய்ப் பாடம் எடுப்பதில் பயன் உண்டா?

வேலை கிடைக்கிறது. அதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. கிடைத்த வேலையில் மூன்று மாதம் நிற்பதுதான் பாடு. அந்த மூன்று மாதத்துக்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை என்பதுதான் என் புகார்.

நான் சென்னை கண்ணகி நகர்க்காரன். 2005-ல் எனக்கு ஒன்பது வயது. ஆயிரம் விளக்குப் பக்கத்தில் இருந்த எங்களைச் சாமான்களோடு லாரியில் ஏற்றிவந்து இங்கே இறக்கினார்கள். 2000-ல் தொடங்கி, ஊருக்குள் ஆற்றங்கரையிலும் சாலையோரத்திலும் இருந்த குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்த இடம் இது. 15,000-க்கு மேல் வீடுகள், ஆரம்பத்தில் கட்டியவை 200 சதுர அடிகூட வராது. அம்மா வேலை பார்த்த வீடுகள் எல்லாம் பழைய இடத்திலேயே இருந்ததால் விடிகாலை பஸ் பிடித்துப் போய் இருட்டிய பிறகுதான் வருவார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் ஆள் கிடையாது, அப்படியே இருந்தாலும் ஐந்து பேர் படுக்கிற அறையில் எங்கே நோட்டை விரிப்பது?

எங்கள் பகுதிச் சமூக மையத்தை நாங்கள் சென்டர் என்போம். அங்கே நான் படிக்கப் போகவில்லை, சுண்டலுக்குப் போனேன். தரைத்தளத்தில் ஒரு வீடு, முன்னால் தகரச் சாய்ப்பு, இரண்டு டியூப் லைட், பிளாஸ்டிக் பாய். ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது, பெயர் வேண்டாம். அங்கே ஒரு அக்கா இருந்தார். அவரிடம் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு. அதில் ஒவ்வொரு பையன், பெண் பெயருக்கும் ஒரு பக்கம்: அம்மா எங்கே வேலை செய்கிறார், யார் போன் நம்பர், எந்தச் சான்றிதழ் இருக்கிறது, எது தொலைந்துபோனது, கடைசியாக எப்போது வந்தான் என்று பச்சை மையில் எழுதி வைத்திருப்பார். நாங்கள் அதைக் கிண்டல் செய்வோம், போலீஸ் ஸ்டேஷன் நோட்டு என்று.

பத்தாம் வகுப்பில் கணக்கில் 27 வாங்கினேன். தேறுவதற்கு 35 வேண்டும். ரிசல்ட் வந்த மறுநாளே பெயிண்டிங் வேலைக்குப் போய்விட்டேன். அன்றைய கூலியைக் கையில் வாங்கியபோது படிப்பு முடிந்த மாதிரிதான் இருந்தது, பெரிய வருத்தமும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் நிற்கிறார், கையில் துணைத்தேர்வு விண்ணப்பம். எல்லாவற்றையும் அவரே நிரப்பியிருந்தார், கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு. "பணம் கட்டிக்கலாம், நீ கையெழுத்து போடு. ராத்திரி எட்டு மணிக்கு மேல வா, பெயிண்ட் வாசனையோட வந்தாலும் பரவாயில்ல" என்றார். அறிவுரை எதுவும் கிடையாது. நாலு வாரம் எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை செய்முறை வடிவியலும் வரைபடமும் மட்டும் போடச் சொன்னார். தேறிவிட்டேன். அந்த வருடமே அரசு ஐடிஐ-யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், ஏசி மெக்கானிக் டிரேட், இரண்டு வருடம். இன்று ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) ஒரு ஐடி வளாகத்தில் ஏசி பராமரிப்பில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே சென்டருக்குப் போகிறேன்.

அப்புறம் இந்தத் திறன் பயிற்சிகள். 2013 கம்பெனிச் சட்டத்தின்படி ஒரு அளவுக்கு மேலே உள்ள நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், கல்வியும் தொழிற்பயிற்சியும் அந்தப் பட்டியலில் வரும். நல்ல சட்டம்தான். ஓஎம்ஆரின் ஓரத்தில் இருக்கும் எங்களைப் போன்ற பகுதிகளுக்கு அந்தப் பணம் வருகிறது, குறிப்பாக நிதியாண்டு முடிகிற மார்ச் நெருங்கும்போது அவசர அவசரமாக வருகிறது. ஆனால் அது எண்ணிக்கை கேட்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்குச் சான்றிதழ், எத்தனை பேருக்கு ஆபர் லெட்டர். அதனால் 45 நாள் கோர்ஸ், 60 நாள் கோர்ஸ் என்று வரிசையாக நடக்கும். டேலி என்கிற கணக்கு மென்பொருள், சில்லறை விற்பனை, கால் சென்டர் மாதிரி பிபிஓ வேலைக்கான ஆங்கிலம். கடைசி நாளில் டி-ஷர்ட் போட்டு ஒரு குரூப் போட்டோ, அதோடு அவர்கள் வேலை முடிந்தது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் சென்டரில் இப்படி ஒரு பேட்ச், 24 பேர். 21 பேருக்கு ஒரே வாரத்தில் வேலை, எல்லாம் ஷோரூமும் கிடங்கும். பெரிய விழா எடுத்தோம். ஆறு மாதம் கழித்து நோட்டைப் பார்த்தால் ஏழு பேர்தான் அதே வேலையில். வேலைக்கு விட்டால் சோம்பேறிகள் ஓடிவிடுவார்கள் என்று பேசுகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் போன் போட்டுக் கேட்டதில்லை. நாங்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டோம். பத்தாம் தேதி வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முதல் முழுச் சம்பளம் அடுத்த மாதம் முடிந்த பிறகுதான் வரும். அதுவரை பஸ் காசு, மதியச் சாப்பாடு, கறுப்பு ஷூ, இரண்டு பேன்ட், எல்லாம் வீட்டில்தான் கேட்க வேண்டும். அதே தெருவில் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவன் அன்றன்றைக்குக் காசு கொண்டுவருகிறான். இருபது நாள் தாங்கியிருக்கிறார்கள், அதற்கு மேல் வீட்டில் பொறுக்கவில்லை, இவர்களும் விட்டுவிட்டார்கள். இதில் சோம்பேறித்தனம் எங்கே இருக்கிறது?

இனிஷியல் கதை ஒன்றும் சொல்ல வேண்டும், வெளியில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கும். ஒரு பையனுக்கு மார்க்‌ஷீட்டில் இனிஷியல் 'எஸ்', ஆதாரில் 'கே'. அப்பா பெயர் செல்வம் என்று பள்ளியில் சேர்க்கும்போது சொல்லியிருக்கிறார்கள், ரேஷன் கார்டில் அவர் கலியபெருமாள். வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, எழுத்துப் பெயர் ஒன்று, நம் பக்கத்தில் இது சகஜம். வேலையில் சேர்ந்த பிறகு பிஎஃப் கணக்கு ஒத்துவரவில்லை, எச்ஆர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார், மூன்றாவது முறை "சரிசெய்து கொண்டுவந்து சேர்" என்று நிறுத்திவிட்டார்கள். அதைச் சரிசெய்ய அக்கா அவனோடு இ-சேவை மையம், நோட்டரி, பள்ளி அலுவலகம் என்று மூன்று வாரம் அலைந்தார். எந்த அறிக்கையிலும் இதற்குக் கட்டம் கிடையாது. ஆனால் அந்தப் பையன் இன்று அதே வேலையில் இருக்கிறான் என்றால் அந்த மூன்று வாரம்தான் காரணம், 45 நாள் கோர்ஸ் இல்லை.

முகவரியையும் சொல்ல வேண்டும். நான் முதல் வேலைக்கு விண்ணப்பித்தபோது பயோடேட்டாவில் 'துரைப்பாக்கம்' என்றுதான் போட்டேன். கண்ணகி நகர் என்று போட்டால் எதிரே இருப்பவர் முகம் மாறுவதை என் நண்பர்கள் பார்த்திருக்கிறார்கள். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்தியக் கபடி அணியில் எங்கள் ஊர் கார்த்திகா இருந்தார். அதற்குப் பிறகு பசங்கள் கொஞ்சம் தைரியமாக ஊர்ப் பெயரைப் போடுகிறார்கள். மைதானமும் கோச்சும்கூட ஒரு விதத்தில் சமூக மையம்தான், ஆனால் அதற்கு யாரும் ஆபர் லெட்டர் கேட்பதில்லை.

இப்போது எங்கள் சென்டரில் என்ன மாற்றியிருக்கிறோம் என்றால், கோர்ஸைக் குறைத்துவிட்டோம். வேலையில் சேர்கிறவர்களுக்கு முதல் சம்பளம் வரும்வரை பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கைமாற்று கொடுக்கிறோம், பழைய மாணவர்கள் நாங்கள் சிலர் மாதாமாதம் போடுகிற பணம் அது. பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது. ஐடிஐ-க்கு முடிந்தவரை தள்ளுகிறோம். சில டிரேடுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும் என்பது பல வீடுகளில் தெரியாது. அரசு ஐடிஐ-யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனி. இதை அம்மாக்களிடம் கூட்டிக் காட்டினால்தான் "ரெண்டு வருஷம் சும்மா உக்காரணுமா?" என்ற கேள்வி நிற்கிறது.

எல்லாப் பகுதிக்கும் ஒரே மாதிரி சென்டர் தேவை என்றும் நான் சொல்ல மாட்டேன். 2024-ல் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவனுக்கு அருமையான இடம், மேசை, நெட், அமைதி எல்லாம் உண்டு. ஆனால் பத்தாம் வகுப்போடு நின்றுபோனவன் அந்தக் கண்ணாடிக் கதவைத் தானாகத் தள்ளிக்கொண்டு உள்ளே போக மாட்டான், அவனை வீட்டு வாசலில் போய்த்தான் பிடிக்க வேண்டும்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. சனிக்கிழமை ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்க எங்களுக்கு நிறையப் பேர் வருகிறார்கள், நாலாவது வாரம் பாதிப் பேர் வருவதில்லை, பிள்ளைகளுக்கும் அது பழகிவிட்டது. உங்களால் வருடம் முழுக்க வர முடியாது என்றால் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளில் இருந்து துணைத்தேர்வு வரைக்கும் மட்டும் வாருங்கள். கணக்கு போதும். வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் சேர்த்து 16 மதிப்பெண், தேறுவதற்கு வேண்டியதில் கிட்டத்தட்ட பாதி அதிலேயே இருக்கிறது. காம்பஸ் பாக்ஸ் பத்து வாங்கி வாருங்கள், எங்களிடம் இருப்பதில் எல்லாம் முள் வளைந்துவிட்டது. ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் பசங்கள் வருவார்கள்.