இங்கிலாந்தின் பழைய பிரபு மாளிகைகளைக் கட்டணம் கொடுத்துப் பார்ப்பது தகுமா? எல்லாம் ஒன்றுபோல்தானே?

குடும்பத்தோடு வருகிறீர்கள், நுழைவுக் கட்டணத்தை ரூபாயில் கணக்கிட்டுப் பார்த்துத் தயங்குகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். எல்லா மாளிகைகளையும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால், டார்பிக்கு அருகிலுள்ள கெடில்ஸ்டன் ஹாலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மத்திய அரசுப் பணியில் பல ஆண்டுகள் கல்கத்தாவில் இருந்த என் தந்தையாரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். புல்வெளிக்கு அப்பால் முகப்பைக் கண்டதும், "இது நம்ம கவர்னர் மாளிகை ஆச்சே, பாதியைக் காணோமே!" என்றார். உண்மைதான். நத்தானியல் கர்சன் 1759இல் தொடங்கிய இம்மாளிகைக்கு நான்கு பக்கக் கட்டடங்கள் திட்டமிடப்பட்டு இரண்டே கட்டப்பட்டன. இதை முன்மாதிரியாகக் கொண்டு 1803இல் கல்கத்தாவில் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கவர்னர் மாளிகைக்கோ நான்கும் அமைந்துவிட்டன. அதே குடும்பத்தில், கெடில்ஸ்டனிலேயே பிறந்த கர்சன் பிரபு 1899இல் வைஸ்ராயாகி அந்தக் கல்கத்தா மாளிகையில் குடியேறினார்.

உள்ளே பளிங்கு போன்ற அலபாஸ்டர் கல்லாலான இருபது தூண்கள் கொண்ட மண்டபத்தைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். என்னை நிறுத்தியது, மன்னர் ஏழாம் எட்வர்ட் முடிசூடியதைக் கொண்டாடிய 1903 தில்லி தர்பாரில், கர்சன் பிரபுவின் மனைவி மேரி அணிந்த மயிலிறகு வேலைப்பாட்டு ஆடை. இந்தியக் கைவினைஞர்கள் உலோக இழையால் மயிலிறகு வடிவில் பூவேலை செய்த துணி, பாரிஸில் ஆடையாகத் தைக்கப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இறகுகளின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு வண்டுச் சிறகைப் பதித்திருக்கிறார்கள். இழைகள் கறுத்துவிட்டன, வண்டுச் சிறகுகளின் பச்சை மட்டும் மங்கவில்லை. கையால் செய்யும் உலோக இழைப் பூவேலையான ஜர்தோசி என்று சொல்லி, என் தங்கையின் திருமண ரவிக்கைக்கு இயந்திர வேலைப்பாட்டைத் தலையில் கட்டிய எங்களூர்க் கடைக்காரரை அங்கே நிறுத்திவைத்துக் காட்டியிருக்க வேண்டும்.

வெள்ளைக்காரரின் ஆடம்பரத்துக்கு வால்பிடிக்கிறேன் என்று சிலர் பின்னூட்டமிடக்கூடும். தங்கள் பூங்காவின் அழகுக்காக ஒரு கிராமத்தையே அப்புறப்படுத்திய குடும்பம் இது என்பதை நான் மறைக்கவில்லை. அக்கிராமத்தின் தேவாலயம் மட்டும் மாளிகையை ஒட்டி இன்றும் நிற்கிறது, அதையும் பாருங்கள். இம்மாளிகையின் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் வடிவமைத்த பாலம் வரை ஏரிக்கரையோரம் நடப்பதற்கும் நேரம் ஒதுக்குங்கள். குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கும். பூங்கா திறந்திருக்கும் எல்லா நாளிலும் மாளிகை திறந்திருக்காது என்பதால், நாளைச் சரிபார்த்த பிறகு புறப்படுங்கள்.