காய்வதற்கு எத்தனை நொடி?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகன் ஐபோன் கேட்கிறான். கல்லூரியில் படிக்கும் மகள், "அதைச் செய்த சீனத் தொழிலாளர்களுக்கு நரம்பே செத்துப்போனது, வாங்காதே அம்மா" என்கிறாள். வீட்டில் தினமும் சண்டை. யார் பக்கம் பேசுவது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மகள் சொல்வது நடந்த விஷயம்தான். அதை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன்.

ரிச்சி தெருவில் 18 வருஷம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தவன் நான். புது டிஸ்ப்ளே ஒட்டும் முன் பஞ்சில் ஐபிஏ தொட்டுத் துடைப்போம். அது ஒருவகை ஆல்கஹால். துடைத்த கையோடு ஒட்டிவிட முடியாது, ஈரம் போகிற வரை பொறுக்க வேண்டும். நாளைக்கு ஐந்தாறு போன் பார்க்கிறவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதற்குள் அடுத்த போனின் ஸ்க்ரூவைக் கழற்றிவிடலாம்.

நாள் முழுக்கத் திரை துடைப்பதே வேலையாக இருக்கும் இடத்தில் அந்தச் சில நொடிகளுக்கு விலை உண்டு. சீனாவின் சூச்சோ நகரில், வின்டெக் என்ற தைவான் கம்பெனியின் ஆலை ஆப்பிளுக்குத் தொடுதிரை செய்து கொடுத்தது. அங்கே ஆல்கஹாலை நிறுத்திவிட்டு என்-ஹெக்ஸேன் என்ற கரைப்பானைக் கொடுத்தார்கள். அது இன்னும் வேகமாகக் காயும். அறையில் போதிய காற்றோட்டம் இல்லை. அந்த ஆவியை மாசக்கணக்கில் சுவாசித்தால் முதலில் விரல் நுனி மரத்துப்போகும். அப்புறம் கைப்பிடி தளரும், நடை தள்ளாடும். 2009-ல் ஆட்கள் ஒவ்வொருவராக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 2010 ஜனவரியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 137 பேர் பாதிக்கப்பட்டதை ஆப்பிள் தன் அறிக்கையில் சொன்னது 2011 பிப்ரவரியில். போனைக் கடைசியாகப் பூட்டும் ஆலைகளில் ஹெக்ஸேனையும் பென்சீனையும் அது தடை செய்தது 2014 ஆகஸ்டில்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. வேறு வழியில்லாமல் ஹெக்ஸேனுக்குப் போகவில்லை. ஆல்கஹால் கையில் இருந்தது. அது காய்கிற நேரத்தைப் பொறுக்கத்தான் மனசில்லை.

சரி, வேறு பிராண்டு வாங்கினால் தீருமா? தீராது. ஒரே ஒப்பந்தக் கம்பெனி பல பிராண்டுகளுக்குச் செய்து கொடுக்கிறது. அவசரம்தான் ஆளை அடிக்கிறது. சீனச் சட்டப்படி ஓவர்டைம் மாதத்துக்கு 36 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் 2012-ல், தொழிலாளர் நிலையைக் கண்காணிக்கும் ஃபேர் லேபர் அசோசியேஷன் என்ற அமைப்பு, ஆப்பிளுக்கு போன் பூட்டிக் கொடுக்கும் ஃபாக்ஸ்கான் கம்பெனியின் மூன்று ஆலைகளில் ஆய்வு செய்தபோது, ஆர்டர் குவியும் காலத்தில் ஓவர்டைமும் சேர்த்து வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கும் மேல் வேலை வாங்கியது தெரிந்தது. அதனால் மகனிடம் இரண்டே விஷயம் கேளுங்கள். புது மாடல் வந்த மாசமே வேண்டுமா? வாங்கினால் எத்தனை வருஷம் வைத்திருப்பாய்? ஐந்து வருஷம், நடுவில் ஒரு பேட்டரி மாற்றிக்கொள்கிறேன் என்று சொன்னால் வாங்கிக் கொடுங்கள். மகளிடம், நீ சொன்னது சரி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் அதைச் சொல்லத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

கேள்வி: அந்த ஆலை வேலையும் இல்லையென்றால் சீனத் தொழிலாளர்கள் கிராமத்தில் பட்டினிதானே கிடப்பார்கள்?
- வாசகர், ஓசூர்

பதில்: வேலை வேண்டும் என்றுதான் போனார்கள். நரம்பைக் கெடுக்கும் ஆவி வேண்டும் என்று யாரும் போகவில்லை. 2010-ல் சீனாவின் ஷென்சென் நகர ஃபாக்ஸ்கானில் தொழிலாளர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்ட பிறகு, ஜூன் மாதம் அடிப்படைச் சம்பளம் 900 யுவானிலிருந்து 1,200 ஆனது. ஆலை மூடவில்லை, போனும் நிற்கவில்லை. அப்படியென்றால் அந்த 300 யுவானை முதலிலேயே கொடுத்திருக்க முடியும்தானே?

நம் பக்கத்தில் நடந்ததும் அதுதான். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். ஆலையை மூடச் சொல்லி அல்ல. அடுத்த மாதம் ஆலை திறந்ததும் அதே வேலைக்குத்தான் போனார்கள்.