பருத்தி எடுக்கும் மாதத்தில் பள்ளி நடந்ததா? கறுப்பின முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது பற்றிக் கேள்வி பதில்

வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவது என் வேலை. அமெரிக்கத் தெற்கில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தனித்தனியே வாழவைக்கப்பட்ட ஜிம் குரோ காலத்தை அனுபவித்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் குறைவு. அதனால் நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் வராது.

கேள்வி (கொலம்பியா, தெற்கு கரோலினா): அக்கா, என் கணவர் கறுப்பினத்தவர். மாமியாருக்கு 86 வயது. கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தவர், பிறகு வெள்ளையர் வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர். "அந்தக் காலம் எப்படி இருந்தது அத்தை" என்று கேட்டால் "கஷ்டம்தான், கர்த்தர் காப்பாற்றினார்" என்று முடித்துவிடுகிறார். எப்படிப் பேசவைப்பது?

பதில்: அவ்வளவு பெரிய கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாதும்மா. கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சின்ன விஷயங்களைக் கேளுங்கள். பள்ளிக்கு எந்த வழியாக நடந்து போனீர்கள்? வழியில் வெள்ளைப் பிள்ளைகளின் பஸ் தாண்டிப் போகுமா? வகுப்பில் அடுப்பை மூட்டியது யார், விறகு யார் கொண்டுவந்தார்கள்? புத்தகத்தின் முதல் பக்கத்தில் முன்பு யார் பெயர் எழுதியிருந்தது? (வெள்ளையர் பள்ளியில் கிழிந்து கழித்த புத்தகங்கள்தான் பெரும்பாலும் இவர்களுக்கு வந்தன.) பருத்தி எடுக்கும் மாதத்தில் பள்ளி நடந்ததா? இந்தக் கடைசிக் கேள்வியை விடவே விடாதீர்கள். குத்தகை விவசாயக் குடும்பங்களில் வேலையும் படிப்பும் ஒன்றையொன்று தின்ற கதை முழுக்க அந்தப் பதிலில் வந்துவிடும்.

உங்கள் மாநிலத்திலேயே சம்மர்ட்டன் என்ற ஊர் இருக்கிறது. 1947இல் அங்குள்ள கறுப்பினப் பெற்றோர் கேட்டது ஒரே ஒரு பஸ். வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பஸ் ஓடியது, இவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. 1949–50இல் ஒரு வெள்ளைப் பிள்ளைக்கு 179 டாலர் செலவு, கறுப்பினப் பிள்ளைக்கு 43 டாலர். பின்னால் சமமான பள்ளி கேட்டு அவர்கள் கொடுத்த மனுவில் கையெழுத்துப் போட்ட ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் பங்கில் பார்த்த வேலையை இழந்தார், ஒரு மோட்டலில் வேலை பார்த்த அவர் மனைவிக்கும் வேலை போனது. அந்த மனுவிலிருந்து எழுந்த வழக்குதான் பின்னால், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954இன் பிரௌன் தீர்ப்போடு சேர்ந்தது. ஆகவே உங்கள் அத்தையிடம் "மனுவில் கையெழுத்துப் போடப் பயந்தவர்கள் உங்கள் ஊரில் இருந்தார்களா" என்று கேட்கலாம். வேலையைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசுவார்.

சமையல் வேலையைப் பற்றித் தனியாக ஒரு நாள் உட்காருங்கள். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு வேலைக்காரர்களையும் விவசாயக் கூலிகளையும் வெளியே நிறுத்தியது. 1950களில்தான் அவர்களைப் படிப்படியாக உள்ளே சேர்த்தார்கள். அதுவரை அவர்கள் உழைத்த பல வருஷங்களுக்கு அரசாங்கத்திடம் ஒரு வரிகூடக் கிடையாது, அவர்கள் வாய்ச்சொல்தான் ஒரே பதிவேடு. எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் போனார், எந்தத் தட்டில் சாப்பிட்டார், கூலி பணமாக வந்ததா பழைய துணியாக வந்ததா, அந்த வீட்டுக் குழந்தையை வளர்த்த நேரத்தில் தன் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள், எல்லாம் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: அவர் பேசும் ஆங்கிலத்தைத் திருத்தி எழுதாதீர்கள். ஒலிப்பதிவின் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். முதல் பிரதி குடும்பத்திடம் இருக்கட்டும், காப்பகத்துக்கு அடுத்தது போகட்டும்.

கேள்வி (சார்லட்): முதியோர் இல்லத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். போனில் பதிவு செய்தால் போதுமா?

பதில்: போதும். ஏர்பிளேன் மோடில் போடுங்கள், டிவியை அணையுங்கள், போனை அவர் பக்கத்தில் வையுங்கள், முடிந்தால் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள். தொடங்கும்போதே தேதி, இடம், இருவர் பெயர் எல்லாம் குரலில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (சென்னை, ஆய்வு மாணவர்): 1930களில் முன்னாள் அடிமைகளிடம் எடுத்த நேர்காணல்களை ஆய்வில் பயன்படுத்துகிறேன். பலர் தங்கள் எஜமானரைப் புகழ்கிறார்கள். நம்பலாமா மேடம்?

பதில்: நல்ல கேள்வி தம்பி. 1936 முதல் 1938 வரை அரசின் எழுத்தாளர் திட்டம் 17 மாநிலங்களில் 2,300க்கும் மேற்பட்டவர்களிடம் பேசி எழுதிய தொகுப்பு அது. பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் வெள்ளையர். பேட்டி கொடுத்தவர்கள் பஞ்சகாலத்தில் ஒரு பென்ஷன் கிடைக்காதா என்று காத்திருந்த கிழவர்கள். சில வீடுகளில் பேட்டி எடுத்தவரின் குடும்பமே பழைய எஜமானரின் வழி வந்தது. அங்கே உண்மையைச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

சார்ல்ஸ்டனில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியை இரண்டு பேர் தனித்தனியாகச் சந்தித்தார்கள். வெள்ளைப் பெண்ணிடம் எஜமானர் நல்லவர் என்றார். கறுப்பினப் பேட்டியாளரிடம் சவுக்கடியையும், பிரித்து விற்கப்பட்ட குடும்பங்களின் அழுகையையும் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். யார் கேட்டார்கள், எங்கே உட்கார்ந்து கேட்டார்கள் என்பது தெரியாமல் எந்தப் பேட்டியையும் மேற்கோள் காட்டாதீர்கள். கறுப்பினத்தவரின் பேச்சு என்று சொல்லிப் பேட்டியாளர்கள் தங்கள் மனம்போல எழுத்துக்கூட்டியதும் அந்தத் தொகுப்பில் நிறைய. குரலே இல்லாமல் தாளில் எழுத்து மட்டும் மிஞ்சிவிட்டதால், இன்று அவர்கள் உண்மையில் எப்படிப் பேசினார்கள் என்று சரிபார்க்க வழியில்லை. ஒலிப்பதிவை அழிக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

கேள்வி (நியூ ஜெர்சி): பேச்சை எழுத்தாக்க எந்த ஆப் நல்லது?

பதில்: எதைப் பயன்படுத்தினாலும் பிறகு காதால் கேட்டுச் சரிபாருங்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020இல் ஐந்து பெரிய நிறுவனங்களின் கருவிகளைச் சோதித்தார்கள். வெள்ளையர் பேச்சில் 100 சொல்லுக்குச் சுமார் 19 பிழை, கறுப்பினத்தவர் பேச்சில் சுமார் 35. முதியவர், தெற்கத்திப் பேச்சு என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

கேள்வி (ஹியூஸ்டன்): இலவச ஆப் ஏதாவது சொல்லுங்களேன்?

பதில்: எந்த ஆப் ஆனாலும் காதால் கேட்டுச் சரிபாருங்கள் என்று மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (சிகாகோ): எனக்கு ஒரு நெருடல். நான் பேசிய முதியவர்கள் எல்லோரும் "எங்கள் பழைய பள்ளி அருமையானது, டீச்சர்கள் தெய்வம்" என்கிறார்கள். இதை அப்படியே பதிவு செய்தால், பிரித்து வைத்ததே நல்லது என்று சிலர் பேச நாமே இடம் கொடுத்த மாதிரி ஆகாதா? அந்தப் பகுதியைக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: குறைக்கக் கூடாது, ஒரு வாக்கியம்கூட. அந்தப் பள்ளிகளை யார் கட்டினார்கள் என்று பாருங்கள். கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனும் சியர்ஸ் வணிக நிறுவனத்தின் ஜூலியஸ் ரோசன்வால்டும் 1912இல் அலபாமாவில் தொடங்கிய திட்டத்தில், 1932க்குள் தெற்கில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. ரோசன்வால்டு நிதி கொடுத்தது சுமார் 43 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் கொடுத்தது சுமார் 47 லட்சம். பருத்தி விற்ற காசு, சர்ச்சில் கோழி வறுத்து விற்ற காசு, நிலம், மரம், உடலுழைப்பு என்று கொடுத்தார்கள். வரியும் கட்டிவிட்டு மறுபடியும் கையிலிருந்து போட்டார்கள். "எங்கள் பள்ளி" என்று அவர்கள் சொல்லும்போது அது உரிமைப் பேச்சு. பிரித்து வைத்த அரசாங்கத்துக்கு அதில் எந்தப் புகழும் போகாது.

கேள்வி (டல்லாஸ், மேற்கண்டதைத் தொடர்ந்து): மன்னிக்கவும், இதை ஏற்க முடியவில்லை. பழைய நினைவு எப்போதும் இனிக்கத்தான் செய்யும். ஒழுகும் கூரையையும் கிழிந்த புத்தகத்தையும் மறந்துவிட்டு டீச்சரை மட்டும் நினைக்கிறார்கள். பார்பரா ஜான்ஸ் ஏன் வேலைநிறுத்தம் செய்தார்?

பதில்: பார்பரா ஜான்ஸை நீங்களே எடுத்ததில் மகிழ்ச்சி. வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் ஊரில், சுமார் 180 பேருக்குக் கட்டிய மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் 450க்கு மேல் பிள்ளைகள். மிச்சம் பேருக்குத் தார்த்தாள் போர்த்திய கொட்டகை. 1951 ஏப்ரல் 23 அன்று 16 வயதுப் பெண் பள்ளியையே வெளியே நடத்திக் கூட்டிப்போனாள். அந்தத் துணிச்சலுக்கு அடித்தளம் போட்டதில் அந்தப் பள்ளிக்கும் அதன் டீச்சர்களுக்கும் பங்கு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். கூரை ஒழுகியது, டீச்சர் நல்லவர், இரண்டையும் ஒரே மனிதர் ஒரே மணி நேரத்தில் சொல்வார். மறந்துவிட்டார்கள் என்று சொல்வதற்கு முன் கூரையைப் பற்றிக் கேட்டீர்களா? கேட்டால் சொல்வார்கள்.

அப்புறம் அந்த ஊரில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சேர்த்துப் படிக்கவைக்க மனமில்லாமல் 1959இல் மாவட்டம் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றையும் மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி வந்தது. கறுப்பினப் பிள்ளைகளில் பலருக்கு 1964 வரை படிப்பே இல்லை.

கேள்வி (சிகாகோ): அப்படியானால் பள்ளிகளைச் சேர்த்ததே தப்பு என்கிறீர்களா?

பதில்: இல்லை. சேர்த்த விதத்தில் அநியாயம் நடந்தது என்கிறேன். தெற்கின் பெரும்பாலான ஊர்களில் மூடப்பட்டது கறுப்பினப் பள்ளிதான். தலைமையாசிரியர் துணைத் தலைமையாசிரியராகவோ வகுப்பு ஆசிரியராகவோ இறக்கப்பட்டார் அல்லது வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். கோப்பைகள், குழுப்படங்கள், ஆண்டு மலர்கள் குப்பைக்குப் போயின. இங்கே வட கரோலினாவின் ஹைட் மாவட்டத்தில், தங்கள் இரண்டு பள்ளிகளையும் மூடும் திட்டத்தை எதிர்த்துக் கறுப்பினப் பெற்றோர் 1968–69 கல்வியாண்டு முழுவதும் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் போராடி ஜெயித்தார்கள். அவர்கள் பிரிவினையைக் கேட்கவில்லை. தாங்கள் கட்டியதை இடிக்காமல் சேருங்கள் என்றார்கள். இந்த வித்தியாசம் அந்த முதியவர்களின் வாயிலிருந்துதான் தெளிவாக வரும். நீங்கள் "குறைத்துக்கொள்ளலாமா" என்று கேட்ட பகுதியில்தான் அது இருக்கிறது.

கேள்வி (ராலே): விவாதத்துக்கு நடுவே ஒரு சின்னக் கேள்வி. டர்ஹாமில் புகையிலை ஆலைகளில் வேலை பார்த்தவர்களிடம் என்ன கேட்கலாம்?

பதில்: எந்த மாடியில், எந்த அறையில் வேலை என்று கேளுங்கள். இலையிலிருந்து நரம்பு உருவும் சூடான, தூசி பறக்கும் வேலை கறுப்பினப் பெண்களுக்கு, சிகரெட் இயந்திரத்தின் பக்கம் வெள்ளைப் பெண்களுக்கு. கட்டடத்தின் படத்தை ஒரு தாளில் வரையச் சொன்னால் யார் எங்கே நின்றார்கள் என்று தானாகவே சொல்லிவிடுவார்கள். அந்தத் தாளையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி (மெம்ஃபிஸ்): 1968 துப்புரவுத் தொழிலாளர் போராட்டத்தில் இருந்தவர் ஒருவரைத் தெரியும். மார்ட்டின் லூதர் கிங் பற்றிக் கேட்கலாமா?

பதில்: கேளுங்கள், ஆனால் கடைசியில். முதலில் பிப்ரவரி 1 அன்று மழைக்கு ஒதுங்கியபோது குப்பை லாரியின் அழுத்து இயந்திரத்தில் நசுங்கி இறந்த எக்கோல் கோலையும் ராபர்ட் வாக்கரையும் பற்றி. அப்புறம் தொட்டி சுமந்த முதுகைப் பற்றி, கூலி பற்றி, மனைவி என்ன சொன்னார் என்பது பற்றி. வேலைநிறுத்தம் செய்தவர்கள் 1,300 பேர். தலைவர் பெயரோடு நின்றுவிட்ட கதைகள் ஏராளம், "நான் ஒரு மனிதன்" அட்டையை ஏந்திய கையின் கதை குறைவு.

கேள்வி (அட்லாண்டா): போனில் பதிவு செய்தால் தரம் போதுமா அக்கா?

பதில்: சார்லட் நண்பருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (மதுரை): நம் ஊர்ச் சேரிப் பள்ளிகளின் நினைவுகளை இதே முறையில் எடுக்கலாமா?

பதில்: கேட்கும் முறை உதவும். ஆனால் அந்தத் துறையில் உழைத்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். என் படிப்பு இந்த ஊர்ப் பதிவுகளோடு நிற்கிறது.

கேள்வி (ரிச்மண்ட்): ஒப்புதல் படிவம் அவசியமா? பாட்டி கையெழுத்துப் போடத் தயங்குகிறார்.

பதில்: அவசியம். அமெரிக்காவில் பேசியவரின் சொற்களுக்கு உரிமை பேசியவருக்கே, அவர் எழுத்தில் கொடுக்கும்வரை. தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். கையெழுத்துப் போட்டதற்காக வேலை பறிபோன ஊர்களில் வளர்ந்தவர் அவர். படிவத்தை நிதானமாகப் படித்துக் காட்டுங்கள், எந்தப் பகுதியை மூடிவைக்கலாம், எத்தனை வருஷம் மூடிவைக்கலாம் என்பதை அவரே எழுதட்டும். அப்போதும் வேண்டாம் என்றால், பதிவு அவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி (கொலம்பியா): அக்கா, மறுபடியும் நான்தான். அத்தையிடம் பழைய பள்ளிப் படம் ஒன்று இருக்கிறது, பின்னால் பெயர்கள் இல்லை. லேமினேட் செய்யட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக ஒரு பிரதி எடுங்கள், அதை அத்தையின் மடியில் வைத்து, பதிவை ஓடவிட்டு, இடது ஓரத்தில் முதல் வரிசையிலிருந்து ஒவ்வொருவர் பெயராகச் சொல்லச் சொல்லுங்கள். பெயர்களைப் பிரதியின் மேல் எழுதுங்கள். மூலப் படத்தின் பின்னால் எழுதினால் மென்மையான பென்சிலில் மட்டும், பேனா கூடாது. இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.