சிறுவர் பேஸ்பால் கதை என்றால் என்ன? எழுத்தாளர்கள் ஏன் பேஸ்பாலை விரும்புகிறார்கள்?

பள்ளிப் பிள்ளைகள் படிப்பதற்காக, அவர்கள் வயதுக் குழந்தைகளே ஆடும் பேஸ்பாலை வைத்து எழுதும் கதை. அமெரிக்காவில் கதைக்களம் பெரும்பாலும் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பு: 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கியது, 6 இன்னிங்ஸ் ஆட்டம்.

ஏன் பேஸ்பால்? அணி ஆட்டம்தான், ஆனால் மட்டை பிடிக்கிற பிள்ளை தனியாக நிற்க வேண்டும். அடுத்த பந்து வரும்வரை சில விநாடி இடைவெளி. ஹெல்மெட் கண் மேல் நழுவுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வேலிக்கு வெளியே அப்பா நிற்கிறார். அந்த இடைவெளிக்குள்தான் எழுத்தாளர் பயம், ஆசை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் கரும்பலகை முன் போய் நிற்போமே, அதே படபடப்பு. ஓடிக்கொண்டே இருக்கும் கால்பந்தில் இந்த அவகாசம் அரிது.

அப்புறம், இந்தக் கதைகள் பையன்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். லிட்டில் லீக் 1974-இலேயே பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. பந்து வீசும் சிறுமியே நாயகியாக வரும் கதைகளும் உண்டு.