காப்பு நகலும் மீட்டெடுப்பும்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அலுவலகக் கணினியில் இரண்டு வன்தட்டுகள் ரெய்டு 1 முறையில் இயங்குகின்றன. தனியாக பேக்கப் வேண்டுமா, ஐயா?

பதில்: கட்டாயம் வேண்டும். ரெய்டு 1 என்பது ஒரே தரவை இரண்டு தட்டுகளிலும் எழுதும் முறை; ஒரு தட்டு பழுதானாலும் வேலை நிற்காமல் தொடர்வதற்குத்தான் அது பயன்படுகிறது. நீங்கள் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தாலோ, பணம் பறிக்கக் கோப்புகளை முடக்கும் ரான்சம்வேர் என்ற தீநிரல் அதைப் பூட்டினாலோ, அந்த மாற்றம் அப்பொழுதே இரண்டு தட்டுகளிலும் பதிவாகிவிடும்.

கேள்வி: இன்க்ரிமென்டல், டிஃபரன்ஷியல் என்ற இரு பேக்கப் முறைகளுக்கு என்ன வேறுபாடு?

பதில்: ஞாயிறு இரவு முழு பேக்கப் எடுத்து, பிற நாள்களில் மாற்றங்களை மட்டும் எடுப்பதாகக் கொள்வோம். இன்க்ரிமென்டல் முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியதை மட்டும் எடுக்கும்; டிஃபரன்ஷியல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் மாறிய அனைத்தையும் ஒவ்வொரு முறையும் எடுக்கும். வெள்ளி காலை வன்தட்டு பழுதானால், முதல் முறையில் முழு நகலுடன் திங்கள் முதல் வியாழன் வரையிலான நான்கும் தேவை. இடையில் செவ்வாய்க்கிழமை நகல் கெட்டிருந்தால், திங்கள் இரவு நிலைக்கு மேல் நம்பிக்கையுடன் மீட்க இயலாது. இரண்டாம் முறையில் முழு நகலும் வியாழன் நகலும் போதும், ஆனால் கூடுதல் இடம் பிடிக்கும்.

கேள்வி: ஆர்.பி.ஓ., ஆர்.டி.ஓ. என்பவை யாவை?

பதில்: எவ்வளவு நேரத்து வேலையை இழந்தால் தாங்க முடியும் என்பது ஆர்.பி.ஓ.; எவ்வளவு நேரத்துக்குள் மீண்டும் இயங்கியாக வேண்டும் என்பது ஆர்.டி.ஓ. மென்பொருள் வாங்குவதற்கு முன்பே இவ்விரண்டையும் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: 3-2-1 விதியை வீட்டிலும் பின்பற்ற வேண்டுமா?

பதில்: வேண்டும். மூலத்தையும் சேர்த்து மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பகங்கள், ஒரு நகல் வேறு இடத்தில் என்பதே அது. இவ்விதியைப் பரவலாக்கியவர் பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் சர்வர்களை வாடகைக்கு விடும் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள்.

கேள்வி: பேக்கப் தினமும் தானாக ஓடுகிறது, பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. இது போதுமா?

பதில்: போதாது, நான் மிகவும் வலியுறுத்த விரும்புவதும் இதைத்தான். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை சர்வரில் வேலை செய்வதாக எண்ணி, முதன்மை சர்வரின் தரவுத்தளத்தில் ஏறத்தாழ 300 ஜி.பி. அளவை அழித்துவிட்டார். வழக்கமான பேக்கப்பைத் தேடியபோது அது இல்லவே இல்லை: தரவுத்தளம் 9.6 பதிப்பிலும் பேக்கப் நிரல் 9.2 பதிப்பிலும் இருந்ததால் அது தோல்வியடைந்து வந்திருந்தது, அதைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் பெறும் சர்வரால் நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்நேரத்துத் தரவின் நகல்தான், அவர்களுக்குக் கைகொடுத்தது. ஆகவே மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது, வேறொரு கணினியில் உங்கள் நகலை முழுமையாக மீட்டெடுத்து, கோப்புகளைத் திறந்து பார்த்து, ஆன நேரத்தையும் குறித்து வையுங்கள்.

கேள்வி: நகல் எதுவும் இல்லாமல் குழந்தையின் படங்களை அழித்துவிட்டேன். மீட்க முடியுமா?

பதில்: உடனே அந்தச் சேமிப்பகத்தைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். வன்தட்டிலும் மெமரி கார்டிலும், கோப்பை அழித்தால் பெரும்பாலும் அதன் பதிவு மட்டுமே நீங்கும். புதிய தரவு மேலெழுதப்படும் வரை வாய்ப்பு உண்டு. மீட்பு மென்பொருளையும் அதே சேமிப்பகத்தில் நிறுவாதீர்கள். சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. என்றால், டிரிம் வசதி அழித்த பகுதிகளை விரைவில் காலி செய்துவிடுவதால் வாய்ப்பு மிகக் குறைவு.