பயிற்சி போதும், வேலை எங்கே? மாற்றுத்திறனாளிகள் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதியில் ஊர் இல்லை, பலவற்றில் வயது இல்லை. குறைபாட்டின் வகை, சதவீதம், வயது, ஊர் நான்கையும் எழுதுங்கள். அதற்குப் பிறகு கேள்வி.

தம்பிக்கு இடது கையில் 35 சதவீதக் குறைபாடு. அரசு வேலையில் ஒதுக்கீடு உண்டா? (அம்பாசமுத்திரம்)

கிடையாது. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 4 சதவீத ஒதுக்கீட்டுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். "சதவீதத்தை ஏற்றி வாங்கித் தருகிறேன்" என்று வருகிற தரகரிடம் அசல் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள். நகல் மட்டும்தான்.

லோன் கிடைக்குமா?

யாருக்கு, எந்த ஊரில், என்ன தொழிலுக்கு? ஒன்றுமே எழுதவில்லை. சரி, பொதுவாகச் சொல்கிறேன். புதிதாகத் தொழில் தொடங்குவதென்றால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்குக் கிராமத்தில் 35, நகரத்தில் 25 சதவீத மானியம். கைக்காசு 5 சதவீதம் போட வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஏற்கெனவே நடக்கிற கடைக்கு இது பொருந்தாது.

மகனுக்கு 26 வயது, அறிவுசார் குறைபாடு. மெழுகுவர்த்தி, பேப்பர் கவர், பினாயில் என்று மூன்று பயிற்சி முடித்துவிட்டான். அடுத்து எதில் சேர்க்கலாம்? (கல்லிடைக்குறிச்சி)

எதிலும் சேர்க்க வேண்டாம், அம்மா. பயிற்சி நடத்துகிறவர்களுக்கு ஆள் கணக்கு காட்ட வேண்டும். வீட்டிலும் பகலில் பிள்ளை எங்காவது போய் வந்தால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். சான்றிதழ்கள் பீரோவில் சேர்கின்றன, சம்பளம் மட்டும் வந்தபாடில்லை. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டைத் தேட வேண்டிய காலத்தில் இன்னும் மெழுகுவர்த்தி ஊற்றச் சொல்லிக்கொடுக்கிறார்கள்! பல வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பாரில்லை.

முதலில் வேலையைப் பிடியுங்கள். பயிற்சியை அந்த வேலை நடக்கிற இடத்திலேயே கொடுக்கலாம். உங்கள் ஊரில் அப்பளத் தொழில் இருக்கிறதே! ஒரு அப்பளக் கூடத்தில் எண்ணத் தெரியாத ஒருவர் உறை போடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் முன்னால் மூன்று பக்கம் அடைத்த சின்ன மரச்சட்டம், உள்ளே ஒரு சிவப்புக் கோடு. அப்பள அடுக்கு கோட்டைத் தொட்டதும் எடுத்து உறைக்குள் போடுகிறார். எடை பார்ப்பது வேறொருவர். விளிம்பு நொறுங்காமல் எடுப்பதுதான் அவருக்குப் பிடிபட நாளானது. அங்கே வேலை பார்க்கிற அக்கா ஒருவர் முதலில் முழுநேரமும் கூட நின்றார், பிறகு காலையில் மட்டும். அப்புறம் அதுவும் தேவைப்படவில்லை. மரச்சட்டம் செய்ய ஆசாரிக்கு ஆன செலவு சில நூறு ரூபாய்.

"சும்மா வந்து இருக்கட்டும், டீக்காசு தருகிறோம்" என்கிற இடம் வேண்டாம். கூலி பேசிவிட்டு அனுப்புங்கள், அதுவும் மகன் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வரட்டும். அம்பாசமுத்திரம் வரை போக வேண்டியிருந்தாலும் அரசு டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணையாளுக்கும் கட்டணமில்லை.

இன்னொன்று. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், மகனுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரி இல்லை. அவருக்குச் சத்தம் ஆகுமா, கூட்டம் ஆகுமா, கையில் மாவு ஒட்டினால் முகம் சுளிப்பாரா? 26 வயது ஆள். அவரிடமே கேளுங்கள்.

மகளுக்கு ஆட்டிசம், 18 முடிந்தது. வங்கியில் காப்பாளர் சான்று கேட்கிறார்கள். பெற்றவர்களே காப்பாளர் இல்லையா? (மேலப்பாளையம்)

18 முடிந்தால் தானாக இல்லை. 1999-ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பியுங்கள். இந்த வழி ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும்தான். அசல் சான்றிதழைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது.

அரசு வேலையில் டிரைவர். விபத்தில் ஒரு கால் போய்விட்டது. விருப்ப ஓய்வு எழுதிக்கொடு என்கிறார்கள். (வள்ளியூர்)

எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பணிக்காலத்தில் குறைபாடு வந்தால் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016 சட்டத்தின் 20-ஆவது பிரிவு. அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படி இடமில்லையென்றால், கிடைக்கும்வரை உபரிப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். அவர்கள் கேட்டதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், பாதிப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும்.

காது கேளாத பெண் தையல் வேலைக்கு வந்திருக்கிறாள். அளவு, டிசைன் எல்லாம் எப்படிச் சொல்வது? (பாளையங்கோட்டை)

நூறாண்டு கடந்த காதுகேளாதோர் பள்ளி இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா! சீட்டில் எழுதுங்கள், மாதிரி ரவிக்கையைக் காட்டுங்கள், அவரிடம் நாலு சைகை கற்றுக்கொள்ளுங்கள்.

மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி. அண்ணன் வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. (களக்காடு)

தென்காசி பக்கத்தில் ஆய்க்குடியில் இருக்கிற அமர் சேவா சங்கத்துக்குக் கூட்டிப்போங்கள். 1981-இல் அதைத் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணனே இளவயதில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர். தண்டுவடப் பாதிப்புக்கான மறுவாழ்வு அங்கே நடக்கிறது. படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வது, சக்கர நாற்காலிக்கு மாறுவது இரண்டும் முதலில். வேலைப் பேச்சு பிறகு.

அண்ணன் தயாரானதும் கிராமசபைக்கு அழைத்துப் போங்கள். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. கூட்டம் நடக்கும் கட்டடத்தில் சாய்தளம் இருக்கிறதா என்று முதல் நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் தரையில் பந்தல் போட்டு நடத்தச் சொல்லி மனுக் கொடுங்கள். மனுவோடு வைக்கிற சான்றிதழும் நகல்தான்.